ஆச்சி பேசட்டும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சுனாபட்டிப் பகுதிகளில் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைச் செல்பேசியில் பதிந்துவரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உங்களில் பலர் அனுப்பிய பதிவுகளைக் கேட்டேன். தோல் பதனிடும் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணானவர் பேசுகிறார். விடியுமுன் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அம்மா பேசுகிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாதரில் இறங்கி, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் பிளாட்பாரத்திலேயே ராத்திரியைக் கழித்த தாத்தா பேசுகிறார். யாரும் சொல்லாமல், யாரிடமும் காசு வாங்காமல், கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவே இதைச் செய்கிறீர்கள். மும்பைத் தமிழரின் வரலாற்றைச் சங்க மலர்களிலும் தலைவர்களின் படங்களிலும் பார்த்துப் பழகிவிட்டோம். அதில் இடம்பெறாத பெரும்பகுதி உங்கள் ஃபோன்களில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

காலமும் நெருக்குகிறது. தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்டு முதலிடம் பிடித்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு, பிந்தி வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே என்பது ஏற்பாடு. ஒரே சந்தில் எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கப் பேசியவர்கள் ஆளுக்கொரு திசையில் போகப்போகிறார்கள். அந்தச் சந்து இருக்கும்போதே அந்தப் பேச்சைப் பதிய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது மிகச் சரி.

ஒலித்தொகுப்பு என் தொழில். டப்பிங், விளம்பரம், ஆவணப்படம் என்று எல்லாமே பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் கேட்ட பதிவுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே குறை: கேள்வி கேட்கிற உங்கள் குரல் கணீரென்று இருக்கிறது, பதில் சொல்கிற ஆச்சியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கேட்பவர் ஆச்சிக்காகச் சத்தத்தைக் கூட்டுவார். அடுத்த கேள்வி காதில் அறையும், உடனே குறைப்பார். மறுபடி கூட்டுவார். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். ஒரு வாழ்க்கையையே சொல்ல வந்தவரின் பேச்சு அதோடு போயிற்று. யார் குரல் எவ்வளவு கேட்கும் என்று முடிவு செய்யும் இடம் தொகுப்பு மென்பொருள்தான். அந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் ஃபோனே எடுத்துவிடும், ஃபோனோ பக்கத்தில் இருப்பவர் பக்கம்தான் சாயும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஃபோன் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், ஆச்சியின் வாய்க்கு நாலு சாண். தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். நாலு மடங்கில் 12 டெசிபல் போய்விடும். அதோடு நீங்கள் இருபது வயதுக் குரலில் உற்சாகமாகக் கேட்கிறீர்கள், அவர் எழுபது வயதுக் குரலில் யோசித்து யோசித்துச் சொல்கிறார். வித்தியாசம் இன்னும் கூடுகிறது. 1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இசைத்தட்டுப் பதிவைத் தொடங்கிய காலத்தில் மின்சார மைக்கே கிடையாது. மெல்லிய குரலை ஒலியைப் பிடிக்கும் கூம்புக்கு அருகே நகர்த்துவார்கள், உரத்த குரலைத் தள்ளி நிறுத்துவார்கள். லெவல் பார்ப்பது என்றால் அன்று அதுதான். இன்றைக்கும் முதல் வைத்தியம் அதுவே. ஃபோனை ஆச்சியின் பக்கத்தில், தலையணை மேலோ மடித்த போர்வை மேலோ வையுங்கள். நீங்கள் தள்ளி உட்காருங்கள். உங்கள் கேள்வி சன்னமாக விழுந்தால் நட்டமில்லை.

அடுத்த பதிவுக்கு அது உதவும். ஏற்கனவே பதிந்ததை என்ன செய்வது? உங்கள் பதிவுகளில் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பதிவு, யாருடையது என்பது வேண்டாம். தாராவியில் ஒரு பத்துக்குப் பத்து கோலி, ஒற்றை அறை வீடு. மின்விசிறி சுற்றுகிறது. தங்கை கேட்கிறாள், "ஆச்சி, இங்க வந்தப்போ தண்ணி எங்கே பிடிப்பீங்க?" திரையில் அந்தக் கேள்வியின் அலை மேலும் கீழும் தொட்டு நிற்கிறது. ஆச்சியின் பதில் நடுக்கோட்டை ஒட்டி மெல்லிசாக ஓடுகிறது. பதிலின் நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது. தங்கை மொத்தப் பதிவையும் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி என்ற தொகுப்பு மென்பொருளில் 'நார்மலைஸ்' அழுத்தியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. நார்மலைஸ் பார்ப்பது மிக உயர்ந்த முனையை மட்டும். இங்கே அந்த முனை தங்கையின் கேள்வியில் இருக்கிறது. கேள்வியை வெட்டிவிட்டு ஆச்சியின் பகுதிக்கு மட்டும் போட்டால், குக்கர் விசில்தான் உயர்ந்த முனை. விசில் உச்சிக்குப் போய் நிற்கும், ஆச்சி கொஞ்சமே உயர்வார்.

காது முனையைக் கேட்பதில்லை. ஒரு பேச்சு மொத்தமாக எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதைத்தான் கேட்கிறது. இதை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் 2006-இல்தான் வந்தது, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 1770. அந்த அளவின் பெயர் லஃப்ஸ். 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் எல்லா நிகழ்ச்சியும் −23 லஃப்ஸில் இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டார்கள். சீரியல் நடுவே விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிற தொல்லை அங்கேயும் இருந்தது. நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலும் 1994-இலிருந்தே விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எழுதியது சரி, எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் அன்று கையில் இல்லை.

லஃப்ஸ் உங்கள் வேலைக்கு ஏன் பொருந்துகிறது என்று சொல்கிறேன். மின்விசிறியின் உறுமல், தூரத்து ரயிலின் அதிர்வு போன்ற அடிக்குரல் ஒலிகளுக்கு அது குறைந்த மதிப்பே தருகிறது, நம் காதும் அப்படித்தான். அதைவிட முக்கியம், மௌனத்தை அது கணக்கில் சேர்ப்பதில்லை. பெரியவர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். வெற்றிலையை ஒதுக்குவார்கள், பேரனைக் கூப்பிடுவார்கள், பெயர் ஞாபகம் வராமல் கண்ணை மூடுவார்கள். வெறும் சராசரி எடுத்தால் அந்த இடைவெளியெல்லாம் சேர்ந்து அவர் குரலை உண்மையைவிடத் தணிவாகக் காட்டும். லஃப்ஸ் அந்த இடைவெளிகளை விட்டுவிட்டு மீதியை எடுத்து நிறுக்கிறது.

இனி செய்முறை. கேள்விகளையும் பதில்களையும் வெட்டி, கேள்விகளை ஒரு டிராக்கிலும் ஆச்சியை இன்னொரு டிராக்கிலும் வையுங்கள். நேரம் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேள்விகளைக் குறையுங்கள். ஆச்சியை ஏற்றுவது அதற்குப் பிறகுதான். ஆச்சியை 12 டெசிபல் ஏற்றினால் மின்விசிறியும் 12 டெசிபல் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டும் சமமானபின் மொத்தத்தையும் சேர்த்து ஒரே தடவையில் ஏற்றலாம். ஆடாசிட்டியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' இருக்கிறது. ஃபோன் பதிவு பெரும்பாலும் மோனோ என்பதால், மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு −16 லஃப்ஸ் என்று கொடுங்கள். பாட்காஸ்டுகளுக்கு ஆப்பிள் சொல்லும் அளவும் அதுவே. முனைகள் −1 டெசிபலைத் தாண்டாமல் கடைசியில் ஒரு லிமிட்டர் போதும், குக்கர் விசிலை அது பிடித்துக்கொள்ளும். ரீப்பர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கிளிப்பின் மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தாலே அதன் கெயின், அதாவது ஒலியின் ஏற்றம், மாறும். எந்த மென்பொருள் என்பது பெரிய விஷயமே இல்லை. ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசம், உங்கள் வேலைக்கு அது தாராளம்.

இங்கே ஒரு தவறு நடக்கிறது, பலர் செய்கிறீர்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே −16-க்கு ஏற்றுகிறீர்கள். ஆச்சி முனகலாகச் சொன்ன ஒரு "ஆமா"வும், ஆத்திரத்தோடு சொன்ன நீண்ட பதிலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. அது சமன் ஆகாது, அவர் பேசிய பேச்சை அழிப்பது. ஒருவர், ஒரே இடத்தில், ஒரே உட்காரலில் பேசியதற்கெல்லாம் ஒரே கெயின் போதும். அவருடைய டிராக் முழுவதையும் சேர்த்து அளந்து, எவ்வளவு ஏற்ற வேண்டுமோ அந்த ஒரே கெயினை எல்லாத் துண்டுக்கும் கொடுங்கள். அடுப்பை அணைக்க எழுந்துபோய் அங்கிருந்தே பேசினார் என்றால், அந்தத் துண்டுக்கு மட்டும் கையால் ஒரு 4, 5 டெசிபல் கூட்டுங்கள். வேறு நாளில் பதிந்த பேச்சைச் சேர்க்கும்போதுதான் துண்டுக்குத் துண்டு சமன் பார்க்க வேண்டும். அவர் குரலுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் அவருக்குச் சொந்தம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1966-இல் சிவசேனா தோன்றித் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய நாட்கள், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரம், இவை வரும்போது பெரியவர்களின் குரல் தானாக இறங்குகிறது. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியம் வருகிறது. உங்கள் பதிவுகளில் எனக்கு மிகப் பெறுமதியாகப் பட்டவை அந்த இறங்கிய குரல்கள்தான். ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸரை அழுத்திப் போட்டால் அந்த இறக்கம் போய்விடும். இட்லி மாவு அரைத்த கதையும் எரிந்த கடையின் கதையும் ஒரே தொனியில் கேட்கும். கம்ப்ரஸர் வேண்டுமென்றால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், மூன்று நான்கு டெசிபலுக்குமேல் குறைக்காத அளவில் போடுங்கள். தணிந்த பகுதி காதுக்கு எட்டவே இல்லை என்றால் இடத்துக்கு இடம் ஒலியை மாற்றும் என்வலப் கருவியால் கொஞ்சம் தூக்குங்கள். அவர் குரலைத் தாழ்த்தினார் என்பது கேட்பவருக்குத் தெரியும் அளவுக்கு மிச்சம் வையுங்கள்.

இன்னொன்று, இது மென்பொருள் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அவர் குரலைத் தாழ்த்தினார். அதை நீங்கள் தூக்கி ஊருக்கே கேட்க வைக்கப்போகிறீர்கள். வெளியிடுமுன் அந்தப் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டி, சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சத்தம் நீக்கும் கருவிகளைப் பற்றி உங்களில் பலருக்கு ஆசை அதிகம். எனக்குப் பயம் அதிகம். நாய்ஸ் கேட் என்ற கருவி ஒரு அளவுக்குக் கீழே போகும் ஒலியையெல்லாம் வெட்டிவிடும். தமிழ்ப் பேச்சில் ஏராளமான சொற்கள் எங்கே முடிகின்றன என்று கேட்டுப் பாருங்கள். வீடு, கிழக்கு, வந்துச்சு, போயிட்டு. கடைசி உகரம் அரை மாத்திரையில் தேய்கிறது. பல் விழுந்த வாயில் அது இன்னும் தேயும். கேட்டைச் சற்று உயர்த்தி வைத்தால் இப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லின் வாலும் அறுந்து, ஆச்சி மூச்சு முட்டிப் பேசுவதுபோல் இருக்கும். செயற்கை நுண்ணறிவால் குரலைச் சுத்தம் செய்கிற கருவிகளில் வேறு ஆபத்து. தெளிவில்லாத இடத்தில் அவற்றில் சில தாமே ஓர் ஒலியை ஊகித்து நிரப்புகின்றன. நெல்லைப் பேச்சும் மும்பை இந்தியும் கலந்த ஆச்சியின் உச்சரிப்பை எந்தக் கருவிக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஓர் ஆவணத்தில் அவர் சொல்லாத ஒலி அவர் குரலில் இருக்கக் கூடாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போட்டால் மின்விசிறியின் உறுமல் ஓரளவு குறையும். மீதி இருக்கட்டும், அந்த வீட்டில் மின்விசிறி ஓடியது உண்மைதானே. மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய அணுகல் தரங்களில் பேச்சுக்கும் பின்னணிக்கும் 20 டெசிபல் இடைவெளி கேட்கிறார்கள். ஆடாசிட்டியின் 'கான்ட்ராஸ்ட்' கருவியில் அதை அளந்து பார்க்கலாம். தாராவிச் சந்தில் அந்த 20 எப்போதும் கிடைக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

பின்னணிச் சத்தம் இருப்பது கேட்பவரை அவ்வளவாக உறுத்தாது, அது வெட்டுக்கு வெட்டு குதிப்பதுதான் உறுத்தும். கேள்வியைக் குறைத்தபோது அதோடு மின்விசிறியும் குறைந்துவிட்டது, அடுத்த பதிலில் மறுபடி எழும்புகிறது. இதற்கு மருந்து, பேச்சே இல்லாத அறையின் ஒலி. பதிவு முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசாமல் ஃபோனை ஓட விடுங்கள். அந்த அரை நிமிடத்தை எடுத்து, குறைத்த கேள்விகளுக்கு அடியில் விரித்தால் குதிப்பு மறைந்துவிடும். வெட்டும் இடங்களில் ஒரு சின்ன கிராஸ்ஃபேட் கொடுத்தால் 'டிக்' என்ற ஓசையும் வராது. சுனாபட்டியில் பதிகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே ஹார்பர் லைன் வண்டி சில நிமிடத்துக்கு ஒன்று போகும், வானத்தில் விமானமும் போகும். வண்டி பாதி கடந்திருக்கும்போது வெட்டினால் எந்த ஒட்டும் ஒட்டாது. அது முழுதும் கடந்துபோகும்வரை துண்டை நீட்டுங்கள். மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்துக் கோவில் மணிக்கும், செம்பூர் செடா நகர் முருகன் கோவில் நாதஸ்வரத்துக்கும் இதே விதிதான்.

உங்கள் வட்டாரத்திலேயே இதைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசைக்குத் தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் ராப் பாடினார்கள். தாளத்துக்கு நடுவே ஒரு சொல்லும் விழாமல் வைக்கிற பாடம் தாராவிப் பையன்களுக்குப் புதிதல்ல. ராப் பாடும் நண்பன் ஒருவன் உங்களுக்கும் இருப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கலவையைப் பாருங்கள். இந்த மடல் தராத பழக்கம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

மூலப்பதிவைத் தொடாதீர்கள். புணேயில் ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வானும் மகாராஷ்டிரக் கிராமப் பெண்கள் திரிகை சுற்றிக்கொண்டே பாடிய பாடல்களை ஒரு லட்சத்துக்கும் மேல் திரட்டினார்கள். 1990-களில் பெர்னார் பெல் அவர்களோடு சேர்ந்து பலவற்றை ஒலியாகவே பதிந்தார். பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய பாரி என்ற கிராமப்புற ஆவணகம் 2017 முதல் அவற்றை வெளியிட்டது. பாடியவர் பெயரும் ஊரும் அவற்றோடு இருக்கின்றன. அன்றைக்குப் பதிந்ததை அவர்கள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்று நாம் கேட்கிறோம். நீங்கள் லெவல் பார்த்துச் செய்வது ஒரு பிரதி மட்டுமே. நாளை உங்களைவிடத் தேர்ந்த காது ஒன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க இடம் இருக்க வேண்டும். ஃபோனின் ரெக்கார்டரில் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். 24 பிட் இருந்தால் மிக நல்லது. லெவல் முனை −12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும், உச்சியில் மோதித் தட்டையான அலை பிறகு எவ்வளவு குறைத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பாது. வாட்ஸாப் குரல் செய்தியாகப் பதியவே பதியாதீர்கள், அது பதியும்போதே சுருக்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் பேசியவர் அனுமதித்த பெயர், இடம், தேதி மூன்றும் இருக்கட்டும். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே.

அடுத்த பதிவுக்குக் கிளம்புமுன் ஒரு வேலை. ஏற்கனவே பதிந்தவற்றில் ஒன்றை எடுத்து, உங்கள் கேள்விகளை இறக்கி, ஆச்சியின் குரலைச் சமன் செய்யுங்கள். ஹெட்போனில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாமல், ஃபோனின் சின்ன ஸ்பீக்கரிலும், ஓடும் லோக்கலில் மலிவான இயர்போனிலும் கேளுங்கள். பிறகு அந்தப் பதிவை ஆச்சியிடமே கொண்டுபோய், சத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் முழுதும் போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே "என்ன சொன்னேன்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்துக்கு மறுபடி போய் வேலை செய்யுங்கள். முடித்ததை எனக்கும் அனுப்புங்கள், வாட்ஸாப் என்றால் டாக்குமென்டாக.

அன்புடன்,
சுனாபட்டியிலிருந்து உங்கள் அண்ணன்